வைக்கோல் நிறம்

இந்த வருசம் எனக்கு முகங்கள் மறந்துபோகின்றன,
கைகள்தான் ஞாபகத்தில் நிற்கின்றன.
தருமபுரத்தில் ஏறிய பஸ்ஸில்
கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கைகளிலெல்லாம்
நாளம் தேடுகிறேன்.
கொண்டக்டரின் முழங்கை மடிப்பில் ஒன்று,
இரணைமடு வாய்க்கால்போல
வஞ்சகமில்லாமல் ஓடுகிறது.
மிச்சக்காசை வாங்காமல் அதையே பார்த்திருந்தேன்.
அவன் வேறு ஏதோ நினைத்துச் சிரித்தான்.

ஏழரைக்கு முதல் வெள்ளைக் கோட்டு.
குளிர்பெட்டி நாலு பாகை. எழுது.
நேற்றும் நாலு. அதையும் பார்.
மெசின் தன்னைத்தானே சரியென்று காட்டும்வரை
ஒருவரின் இரத்தத்தையும் அதனிடம் கொடுக்காதே.
ஊதா மூடி எண்ணிக்கைக்கு, சாம்பல் மூடி சீனிக்கு.
அம்மா கேட்கிறா:
"இதுக்கோ பிள்ளை ரண்டு வருசம்?"

தினுஷி பதவியாவிலிருந்து வந்தவள்.
வியாழன் பின்னேரங்களில்
அவள் என் கையில் குத்துவாள், நான் அவள் கையில்.
நுணுக்குக்காட்டியில் நூறு வெண்குழியத்தை
அவள் சிங்களத்தில் எண்ண
நான் தமிழில் எண்ணுவேன்.
ஈயோசினோபில் இருவருக்கும் ஈயோசினோபில்தான்.
கூட்டினால் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு, எனக்கு நூற்றொன்று.
பிறகு முதலிலிருந்து.

இது மாசி. அறுவடை முடிகிற நேரம்.
எலிக்காய்ச்சலோ என்ற கேள்வியோடு
வயல்சேறு காயாத கால்கள் வரிசையில் நிற்கும்.

இன்று நாலாம் வாட், கட்டில் பதினொன்று.
சாருகன், வயது ஆறு.
கத்தினான். கையை இழுத்தான்.
தாய் அவனை அமத்திப் பிடித்தாள்.
ஊசி நாளத்தின் ஓரத்தில் நின்றது.
நான் சிரிஞ்சை அவசரமாய் இழுத்தேன்,
குழாய்க்குள் அதைவிட அவசரமாய்த் தள்ளினேன்.
"பாருங்கோ, முடிஞ்சுது."

மையநீக்கி பத்து நிமிசம் சுற்றும்.
அது தானாய் நிற்கும்வரை திறக்கேலாது.
திறந்தேன்.
ஐந்து குழாயில் மேல்தண்ணி வைக்கோல் நிறம்.
ஆறாவதில்
செம்பரத்தம்பூ ஊறிய தண்ணி.

உடைந்த செங்குழியம் தன் பொற்றாசியத்தை
வெளியே கொட்டிவிடும்.
மெசினில் வைத்தால் பயங்கரமாய் ஒரு எண் வரும்.
அந்த எண்ணை நம்பி டொக்டர் ஓடுவார்,
இல்லாத வருத்தத்துக்கு மருந்தோடு.

நிராகரிப்புக் கொப்பியைத் திறந்தேன்.
காரணம்: குருதி சிதைந்தது.
எடுத்தவர் என்ற கட்டத்தில்
பக்கம் பக்கமாய் ஒரே சொல்: வாட். வாட். வாட்.
என் பெயரை எழுதினேன்.
அமத்தி எழுதியிருக்கிறேன் போல,
அடுத்த பக்கத்திலும் விழுந்திருந்தது.

"எடுத்தனிங்கள்தானே?"
"எடுத்தனான் அக்கா. பழுதாப்போச்சு. என்ரை பிழை."
அவள் ஏசுவாள் என்று நின்றேன்.
"அப்ப அந்த ரத்தத்தைத் திருப்பி ஊத்தேலாதோ?"
பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.
எனக்கு வாய் வரவில்லை.

சாருகன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
"முதல் உங்கட கையில குத்துங்கோ."
கோட்டுக் கையை மடித்துக் காட்டினேன்.
தினுஷியின் வியாழக்கிழமைகள்,
பச்சையும் மஞ்சளுமாய்.
விரல் வைத்து எண்ணினான்.
"ஏழு" என்றான்.
ஒன்று நுளம்புக் கடி. நான் திருத்தவில்லை.
மற்றக் கையை நீட்டினான்.

இந்தமுறை மெல்ல.
குழாயின் சுவரோரமாய்,
நாற்றுமேடைக்குத் தண்ணி விடுகிறமாதிரி.

பத்து நிமிசம்.
வைக்கோல் நிறம்.
பொற்றாசியம் நாலு தசம் ஒன்று.

அதை அவனுக்குச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
டொக்டர்தான் சொல்லவேண்டும்.
சொல்ல ஒன்றும் இல்லாதபடியால்
அவரும் சொல்லப்போவதில்லை.