கார்னர் கொடி

திங்கள் முதல் சனி வரை நான் ரேஷன் கடை.
ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் விசில்.
இரண்டு இடத்திலும் கிடைப்பது ஒரே வசவு:
"கண்ணு தெரியாதா வோய் ஒமக்கு?"

சின்னத்துறையில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.
டெல்லி எங்கே சறுக்கியது,
மாட்ரிட் எங்கே சறுக்கியது,
இரண்டுக்கும் ஒரே காரணம்,
நடுவில் ஆளில்லை என்பார் ஹில்லாரி,
பொத்துகிற வலையிலிருந்து தலை தூக்காமல்.
"டீசல் மானியத்துல கை வச்சவன
பதினஞ்சாவது நிமிஷமே வெளிய எடுத்திருக்கணும்."
புரோமில்டன் சொல்வது மந்திரியையா கோச்சையா
என்று கேட்காமலே
ஏலக்கூடம் தலையாட்டும்.

தேர்தல் வந்தால் குருசடி முக்கில் மூன்று கட்சிக் கொடி.
உலகக் கோப்பை வந்தால்
ஊர் முழுக்க இரண்டே நாடு.
அண்ணன் ஓடு மேல் நீலமும் வெள்ளையும்,
தம்பி ஓடு மேல் மஞ்சள்,
நடுவில் ஒரே கிணறு.
ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் உண்டு.
பிரேசிலை விட்டவன் ஒருவனைக் காட்டுங்கள்.

அறுபத்தொரு நாள் தடைக்காலம்.
விசைப்படகுகள் கட்டிக் கிடக்க
நாக்குகள் மட்டும் ஆழ்கடல் போய் வந்தன.
இறங்குதளம், துறைமுகம், மண்ணெண்ணெய், மூன்றாவது டிஃபெண்டர்.
அரையிறுதிக்கு ஆயிரம் பேர் வந்தார்கள்,
ஆயிரம் பேரும் நடுவர்கள்.

எண்பத்து மூன்றாவது நிமிடம்
புரோமில்டன் தலையால் முட்டினான், வலை குலுங்கியது.
நான் கை தூக்கினேன்:
ஆஃப்சைடு.

ஒன்பது செல்போன், ஒன்பது வீடியோ,
பதினோரு முடிவு.
"வெளிநாட்டுல இதுக்கு மிஷின் இருக்கு,
இங்க நீரு இருக்கீரு"
என்றான் என் நெற்றியோடு நெற்றி வைத்து.
இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன்:
நான் அதைப் பார்க்கவில்லை.
அந்த நொடியில் அலையொன்று ஏறி வந்து
மேற்குப் பக்கக் கோட்டை நக்கிக்கொண்டு போனது.
நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வரிசையில் ஏழாவது ஆள் புரோமில்டன்.
நேற்றைய விசில் என் சட்டைப்பையில்தான்.
பெருவிரல் வைத்தான்.
ரேகை பொருந்தவில்லை.
கைலியில் துடைத்து வைத்தான். பொருந்தவில்லை.
ஆள்காட்டி, நடுவிரல், இடக்கை, வலக்கை.
பதினாறு வயதிலிருந்து கயிறு இழுத்த பத்து விரலிலும்
வழுவழுவென்று ஒன்றுமில்லை.
"கேட்டீரா, மிஷின் வந்தாச்சி"
என்றார் பின்னால் நின்ற ஹில்லாரி.
வரிசை சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கு வந்தது.
"நான் இன்னும் ஆஃப்சைடுலதான் நிக்கேனா வோய்?"

நம்பருக்கு வரும் ஓடிபி
போன மாசி மாதம் கடலில் விழுந்த போனுக்குள் இருக்கிறது.
கடைசியில் அவன் பெண்சாதி டெல்பின் வந்தாள்,
செதில் ஒட்டிய கையோடு.
மோதிர விரல் விழுந்தது.
பன்னிரண்டு கிலோ புழுங்கல், சீனி, பாமாயில்.
போகும்போது அவள் மட்டும் திரும்பிச் சொன்னாள்:
"அது கோலுதான் கேட்டேளா."

தூண்டில் வளைவு கேட்டுக் கொடுத்த மனுவில்
இருநூற்றுச் சொச்சம் கைநாட்டு.
அதில் எல்லா ரேகையும் விழுந்தது,
மை ஒன்றும் கேட்காது.
பதில்: பரிசீலனையில் உள்ளது.
ஹில்லாரி அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்:
பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டு
நேரம் கடத்துகிறார்களாம்.

இந்த ஞாயிறு இறுதிப் போட்டி.
மேற்கு கார்னர் கொடியை மூன்று எட்டு உள்ளே தள்ளி நட்டேன்.
நட்டது நான்காவது தடவை.
மைதானம் சின்னதாகிக்கொண்டே வருகிறது,
ஆட்கள் பதினொன்று பதினொன்றுதான்.
முதல் கார்னர் கிக்கே கடலுக்குள் போனது.
பையன் ஒருவன் சட்டையோடு பாய்ந்து நீந்துகிறான்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்பதில்
கரை முழுக்க
கருத்து இருக்கிறது.