மீதி நாற்பது

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓடும்வரை
எங்களால் இந்த வேலையைத் தொட முடியாது.
தரை நடுங்கும். தராசின் கடைசி எண்
அறுந்த பல்லிவாலாய்த் துடித்துக்கொண்டே இருக்கும்:
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.

ஹார்பர் கேட்டை மூடிவிட்டார்கள் என்று
டீ வாங்கப் போன ரேமண்ட்
டீ இல்லாமல் ஓடிவந்தான்.
திருவொற்றியூர் வரைக்கும் ஜாம்.
ஊரே திட்டும் நேரம்.
நாங்கள் ஷட்டரை முக்கால் இறக்கி
ஃபேனையும் நிறுத்தினோம்.

தராசு, மின்ட் தெரு நகைப் பட்டறை ஒன்று தலைமுழுகியது.
தாலியும் மூக்குத்தியும் கிடந்த தட்டில்
இப்போது பிஸ்டன், பின், ரிங் மூன்று, கிளிப் இரண்டு.
பழசைவிட எண்பத்தொன்பது கிராம் குறைவு.
கேட்க நல்ல சேதிதான்.
ஆனால் கிராங்க் இன்னும்
அந்தப் பழைய கனத்துக்கே எதிர்ப்பக்கம் சாய்கிறது,
வீட்டைவிட்டுப் போனவருக்கும் சேர்த்து
உலை வைக்கிற கை மாதிரி.

"ஆட்டமே இருக்கக் கூடாது" என்றாள் யுவராணி.
ஒத்த சிலிண்டர் புல்லட்டு, அது நடக்காது என்றேன்.
மேலும் கீழும் ஓடுகிற ஒன்றை
வட்டமடிக்கிற இரும்பு எப்படி முழுசாய் ஈடுகட்டும்?
நூற்றுக்கு நூறு எடை போட்டால்
மேலே உதறுவது நின்று
முன்னும் பின்னும் உதறும்.
எடுக்க முடியாது. இடம் மாற்றலாம்.
அறுபது சதம் கட்டுகிறேன்.

"மீதி நாற்பது?"

உன் கைக்கு, உன் இடுப்புக்கு.
எந்த வேகத்தில் அடங்கணும் என்று மட்டும் நீ சொல்.

யோசித்தாள்.
மாதத்தில் ஒரு ஞாயிறு, பதினைந்து செகண்டு ஓட்டம்.
மற்ற நாளெல்லாம் மணலி கம்பெனி வாசல் வரை
நாற்பதில் உருட்டல்.
"அஞ்சாயிரம் தாண்டசொல்லோ
அது கம்முனு இருந்தா போதும்.
வேலைக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்."

ரசமட்டம் பார்த்து வைத்த இரண்டு கத்தி விளிம்பு.
மேலே கிராங்க்.
ராடின் சின்ன முனையில் கணக்குப் போட்ட எடை தொங்குகிறது:
போல்ட், வாஷர், கடைசி இரண்டு கிராமுக்குக்
காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு,
அரத்தால் ராவியது.

விட்டேன். உருண்டு
கனத்த பக்கம் கீழே வந்து நின்றது.
அங்கே சாக்பீஸ். அங்கே துளை.
பன்னிரண்டு எம்எம் பிட், பத்து எம்எம் ஆழம்.
ரேமண்ட் சுருளையெல்லாம் கூட்டி அள்ளித்
தட்டில் போட்டுக் காட்டினான், எட்டரை கிராம் என்று,
கடனில் கழித்த மாதிரி.
மறுபடி உருட்டல். மறுபடி சாக்பீஸ்.

ஐந்தாவது துளை கொஞ்சம் கீழே போய்விட்டது.
லாரி கிளம்பிவிடும் என்ற பயம்தான்.
எதிர்ப்பக்கம் சுரண்டிச் சரிக்கட்டினேன்.
யுவராணியிடம் சொல்லவில்லை.
பிறகு சொன்னேன்.
"தெரியும், உன் மூஞ்சி காமிச்சிடுச்சி" என்றாள்.

ஆறாவதுக்குப் பிறகு
எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.
மூன்று மணி. ஏழு மணி. தலைகீழ்.
யுவராணி மூச்சை
வேறு பக்கம் திரும்பி விட்டாள்.

வெளியே ஒரு ஏர் பிரேக் உஸ்ஸென்றது.
ஒன்றன்பின் ஒன்றாய்க் கியர் விழுந்தது.
விளிம்பின்மேல் கிராங்க் மெல்ல அசைந்து
ஒரு விரற்கடை உருண்டது.

"இன்னும் வெயிட்டு கீதாண்ணா?"

இல்ல. அது ரோடு.

ரேமண்ட் இரண்டு கையையும் நீட்டி
அடியில் பிடித்தான்.