மிச்சக் காசு

பத்தொன்பது வருசம்
யாழ்ப்பாணம்–காரைநகர் ஓட்டத்தில்
இந்த இடக்கை விரலிடுக்குகளில்
ஐந்நூறு, நூறு, ஐம்பது, இருபது
நீளவாக்கில் மடிந்து நின்றன.
எது எந்த இடுக்கில் என்று
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

வட்டுக்கோட்டைச் சந்தியில் ஒரு காலை
அத்தனை தாளும் காலடியில் கொட்டுண்டது.
சனம் பொறுக்கித் தந்தது.
வாங்கக் கை போகவில்லை.
"கொண்டக்டருக்கு வாய் கோணுது"
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொன்னது.

பெரியாஸ்பத்திரியில் தர்மிலா மிஸ் சொன்னாள்:
"கை சாகேல்லை அண்ணை.
மூளைக்கு அதின்ர விலாசம் துலைஞ்சு போச்சு.
ஒருக்காப் போனால் காணாது,
நாளுக்கு முந்நூறு தரம் போகவேணும்."
முந்நூறு.
தைப்பொங்கலுக்கு முதல்நாள் நான் கிழிக்கும் டிக்கெட்.

கண்ணாடியை நடுவில் நிறுத்தி
நல்ல கையை அசைத்து
மற்றது அசைகிறதென்று நம்பவேண்டுமாம்.
டிரைவர் கஜரூபன் பழைய பஸ்ஸின்
பக்கக் கண்ணாடியைக் கழற்றி வந்தான்.
"இது குவிஞ்சது, சரிவராது" என்றாள் மிஸ்.
வீட்டில் ஒளித்துப் பார்த்தேன்.
பாலர் வகுப்புப் பிள்ளையின் கை ஒன்று
எங்கேயோ பின்னால்
வந்துகொண்டிருந்தது.

பேந்து வலக்கையைக் காலுறைக்குள் போட்டுக் கட்டினார்கள்.
நல்லது சும்மா இருந்தால்தான்
கெட்டது வேலை செய்யுமாம்.
"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்றாள் சாந்தரூபி.

இடக்கையால் புட்டு.
மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா.
வாயைத் தேடிய கை மூக்கில் முட்டியது,
சம்பல் கண்ணுக்குள் போனது.
சாந்தரூபி ஒன்றும் சொல்லவில்லை.
தட்டு வழுக்காமல் அடியில் ஈரத்துணி விரித்தாள்.
எதிரில் இருந்து
தானும் இடக்கையால் பிசையத் தொடங்கினாள்.
அவளுக்கும் வடிவாக வரவில்லை.

பங்குனி முழுக்க உடுப்புக் கிளிப்.
பிடிக்கிறது வந்திட்டுது.
விடுறதுதான் இல்லை.
மகளின் பின்னலைப் பிடித்த அன்று
அவள் அரைமணித்தியாலம் என்னோடு இருந்து
வீட்டுக்கணக்குச் செய்தாள்.

இன்று கிளினிக் முடிந்து, மாற்றலாகிப்போன என் பஸ்ஸில்
பயணியாய் ஏறினேன்.
வலக்கை காலுறைக்குள்.
புதுப் பொடியன் வந்தான்.
இடக்கையில் நூறு ரூபாயை நீட்டினேன்.
"மற்றக் கையால தாங்கோ" என்றான்.
பிறகு காலுறையைப் பார்த்தான், பேசாமல் தாளைப் பிடித்தான்.
அவன் இழுக்கிறான். கை விடாது.
பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள்.
பத்தொன்பது வருசத்தில்
ஒருத்தற்றை காசையும் வைத்துக்கொண்டவன் அல்ல நான்.

மிஸ் சொன்னது நினைவில் வந்தது:
விரலோடு சண்டை பிடிக்காதேங்கோ,
மணிக்கட்டைத் தாழ்த்துங்கோ.

தாழ்த்தினேன்.
சின்னவிரல் முதலில். பிறகு அதன் பக்கத்தது.
கல்லுண்டாய் வெளியின் உப்புக்காற்று யன்னலால் அடிக்க
தாள் ஒருமுறை படபடத்து
அவன் கைக்குப் போனது.

மிச்சம் தர மறந்து அங்கால போய்விட்டான்.
கூப்பிடவில்லை.
திறந்த கையைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.