கியாசான்

ஜாலான் டூத்தா, மாஜிஸ்திரேட் மன்றம்.
குளிரூட்டி என் பிடரிக்கு நேர் மேலே.
மேசையில் ஒரு மஞ்சள் துண்டறிக்கை,
செந்தூல் நகல் கடையில் இருநூறு படி எடுத்தது.
எழுதியவள் நீலாவதி த/பெ அங்கமுத்து,
பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
கூண்டில் நிற்கும்போதும் அவள் வலது கால்
பிரேக்கைத் தேடுகிறது.

"எங்கள் வயிற்றெரிச்சல் உங்களைச் சும்மா விடாது."
குற்றம் இந்த வரியில்தான்.
போலீஸ் ஏற்கெனவே பெயர்த்து வைத்திருந்தது:
வயிற்றில் தீ. அந்தத் தீ உங்களை விடாது.
என்ன தீ, எப்போது, யார் வைப்பது
என்று கேட்டார் அரசுத் தரப்பு இளைஞர்.
கெட்டவரில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

புவான், இது கியாசான், என்றேன்.
வயிறு எரிகிறது என்றால் எங்கள் மொழியில்
பெட்ரோல் வாங்கக் கிளம்பிவிட்டார்கள் என்று பொருளில்லை.
எல்லா முகப்பிலும் வரிசையில் நின்று
எல்லாப் பாரத்தையும் நிரப்பிக் கொடுத்தவர்கள்
கடைசியாகப் போடுகிற மனு அது.
முகவரி எழுதாத மனு.
வெறும் கியாசான், புவான்.

அந்த 'வெறும்' எப்படி வாயில் ஏறியதோ.
காப்பாற்றத்தான் சொன்னேன்.
கூண்டிலிருந்து என்னைப் பார்த்தாள்,
எரிந்ததே, அது பொய்யா என்பதுபோல.

பிறகு வழக்கு வேகம் பிடித்தது.
"ஊரே வாய்மூடி நின்றது." கியாசான்.
"சட்டம் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது." கியாசான்.
"எங்கள் வீடுகளுக்குக் கதவில்லை."
இந்நேரம் எல்லோருக்கும் பழகியிருந்தது.
புவானே முந்திக்கொண்டார்:
வாய்ப்பில்லை, பாதுகாப்பில்லை, அப்படித்தானே?
தலையாட்டினேன். எழுத்தர் தட்டினாள்.

"அது இல்ல சார்.
கதவுன்னா கதவுதான்."

காலி செய்யச் சொல்லி மூன்று நோட்டீஸ்.
நாலாவதாக நோட்டீஸ் வரவில்லை, லாரி வந்தது.
பகல் பதினோரு மணி. பெரியவர்கள் வேலையில், பிள்ளைகள் பள்ளியில்.
எட்டுப் பேர், கடப்பாரை.
சுவரைத் தொடவில்லை. கூரையைத் தொடவில்லை.
இருபத்தாறு வீட்டுக் கதவுகளைப் பெயர்த்து
அடுக்கி, கயிறு கட்டி, கொண்டுபோனார்கள்.
தாமாகவே கிளம்பிவிடுவார்கள் என்று
யாரோ போட்ட கணக்கு.
அன்றிரவு மழை.
நீலாவதி வாசலுக்குக் குறுக்கே வேனை நிறுத்தி
உள்ளே பிள்ளைகளைப் படுக்கவைத்து
ஓட்டுநர் இருக்கையில் விடிய விடிய விழித்திருந்தாள்.

மலாயில் இதைச் சொல்லி முடித்தபோது
குளிரூட்டியின் இரைச்சல் மட்டும்.
அவளுடைய வழக்கறிஞர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.
உள்ளே துருவேறிய கீல் ஒன்று,
நீலப் பெயிண்ட் ஒட்டியபடி,
ஒரு திருகாணி வளைந்து.
இது என்ன, என்றார் புவான்.
எங்செல், என்றேன்.
பத்தொன்பது வருடத்தில்
இவ்வளவு சுலபமாக ஒரு சொல்லை நான் பெயர்த்ததில்லை.

பத்தாம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள்.
பதிவைத் திருத்த வேண்டும், என்று எழுத்தரிடம் போனேன்.
திரையை மேலே தள்ளிக்கொண்டே போனவள்
நிறுத்திக் கேட்டாள்:
கதவை மட்டுமா,
தீயையுமா?

லிஃப்ட் திறந்தது. நான் ஏறவில்லை.