கால்நடை மாற்றம்

கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார் பத்திர எழுத்தர்:
நோக்கம் என்னம்மா போடணும்?
காலநிலை மாற்றம், என்றாள் பரக்கத் நிஷா.
வெளியே ஏதோ கட்சி ஊர்வலம், அதன் மேளம்.
அவர் விரல்களுக்குக் கேட்டது வேறு.

முத்திரை விழுந்து, கட்டைவிரல் மையும் காய்ந்த பிறகு
சிம்மக்கல் டீக்கடையில்தான் வாசித்துப் பார்த்தோம்:
'கால்நடை மாற்றத்தால் பாதிக்கப்படும்
மக்களுக்கு உதவுதல்.'
துளசிராமுக்குச் சிரித்துப் புரையேறியது.
நான் சிரிக்கவில்லை.
பிழைதிருத்தல் பத்திரத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ஆகும்.
வங்கியில் இருந்தது ஆயிரத்து நூற்றுப் பத்து.
நான் பொருளாளர்.

செல்லூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம்.
தகரக் கூரை.
நிஷா கல்லூரி ஆய்வகத்தில் இரவல் வாங்கி
இன்றுவரை திருப்பித் தராத வெப்பமானியால்
முதலில் எங்களையே அளந்தோம்.
மதியம் இரண்டரைக்கு நாற்பத்து மூன்று.

மூன்று மாதம் படியேறி வந்தவர்
தண்ணீர் கேன் போடுகிற பையன் மட்டும்.
பிறகு ஒச்சம்மாள் வந்தாள்,
இடுப்பில் பிள்ளை, கையில் ரேஷன் கார்டு.
'ஆட்டுக்குக் கடன் குடுக்கீகளாம்ல?'
இல்லக்கா, நாங்க வெயிலுக்கு.
'வெயிலுக்கா?
ஆதரவாவா, எதிர்ப்பாவா?'

துளசிராம் விளக்கினான். கார்பன் என்றான். கடல்மட்டம் என்றான்.
மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடல்மட்டம்.
அவள் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே கேட்டாள்.
'பங்குனியில ரெண்டு குட்டி செத்துப்போச்சு.
கொட்டத்த ஒருக்கா வந்து பாருங்க.'

அவனியாபுரம் தாண்டி அவள் கொட்டம்.
வெப்பமானியைக் கட்டினோம்: நாற்பத்தாறு.
சுண்ணாம்பும் பசையும் கரைத்து இரண்டு பூச்சு.
மறுநாள் அதே நேரம் நாற்பத்தொன்று.
ஆடுகள் ஒன்றும் சொல்லவில்லை,
படுத்து அசைபோட்டன.
முதல் ஆண்டறிக்கையில் எழுதினேன்:
பயனாளிகள் பதினாறு.
அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்: எல்லாம் ஆடுகள்.

தூரிகையைக் கழுவும்போதுதான் ஒச்சம்மாள் சொன்னாள்,
தன் வீட்டுக்கும் அதே தகரம்தான் என்று.
முதல்லயே கேட்டிருக்கலாமே அக்கா?
'ஆட்டுக்குன்னா எங்கயாச்சும் குடுப்பாக.
மனுசிக்கு வேகுதுன்னு
எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்ல?'

இரண்டாம் வருடம் முப்பத்தொரு கூரை.
மூன்றாம் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு.
துளசிராம் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான்,
போகும்போது ஏணியை மட்டும் விட்டுவிட்டு.
இவ்வளவு சுண்ணாம்பு எதுக்கும்மா என்றார் தணிக்கையாளர்.
ராத்திரி பதினொரு மணிக்கு ரசீதுகளை ஒட்டும்போது
எனக்கும் அதே கேள்வி.

அறிக்கையில் எழுதாதது ஒன்று உண்டு.
மேலத்தோப்பில் வெள்ளையடித்த ஒரு வரிசை வீட்டுக்கு
வாடகையை முந்நூறு ஏற்றினார் உரிமையாளர்.
வீடுதான் இப்ப குளுகுளுன்னு இருக்கே.
செயின்ட் ராணியும் பிள்ளைகளும்
இன்னொரு தகரத்துக்குக் குடிபோனார்கள்.
நாங்கள் பூசிய ஐந்து டிகிரி
யார் பையில் விழுந்தது என்று
எந்தப் பத்தியில் எழுதுவது?
அதற்குப் பிறகு, வாடகை ஏற்றமாட்டேன் என்று
கையெழுத்து வாங்காமல் ஏணி சாத்துவதில்லை.
கையெழுத்தை மீறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து நிதி தருகிற நிறுவனம் எழுதியது:
உங்கள் நோக்கமும் உங்கள் வேலையும் பொருந்தவில்லை.
இப்போது கையில் பணம் இருக்கிறது.
அதே பத்திர எழுத்தர், இப்போது கணினி.
நிஷா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.
அறங்காவலர் ஒச்சம்மாள் கையெழுத்துப் போட்டாள்,
இந்த முறை பேனாவில்.

ஆனாலும் அந்தப் பழைய பேர் ஊருக்குள் சுற்றுகிறது.
நேற்று திருமங்கலம் பக்கமிருந்து ஒருவர்
கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு
மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.
ஆட்டுச் சங்கம் இதானே?
இதுதான், உட்காருங்க, என்றேன்.
இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்தேன்.
கிடாய் குடித்து முடித்ததும்
நோட்டை எடுத்துக் கேட்டேன்:

உங்க வீட்டுக்கு என்ன கூரை?