சொல்லுக்கு அறுபது

சொல்லுக்கு அறுபது ரூபா என்றேன்.
கஸ்தூரியார் வீதி மெத்தைக்கடைச் சிவகடாட்சம்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
"எழுதிறதுக்குமோ காசு?"

பலகை அச்சடிக்கிறவன்
சதுர அடிக்கு நூற்றிருபது வாங்குகிறான்.
இருபதுக்குப் பத்து, இருபத்துநாலாயிரம்.
அதை அவர் கேட்கவில்லை.
வெறும் நீலத்துக்கும் அதே விலை,
ஒன்றுமே எழுதாத மூலைக்கும் அதே விலை.

பதினேழு சொல் கொண்டுபோனேன்.

நாள் முழுக்க உழைத்த உங்கள் முதுகுக்கு
நாங்கள் தரும் நிம்மதியான நித்திரை.
பத்து வருட உத்தரவாதம்.
இன்றே வந்து ஒருக்கால் படுத்துப் பாருங்கோ.

ஆயிரத்து இருபது ரூபா.
சிவப்புப் பேனையை எடுத்தார்.
"இன்றே ஏன்? கடை நாளைக்கும் துறந்துதான் கிடக்கும்.
நிம்மதிக்கு நான் பொறுப்பில்லை.
உங்கள், நாங்கள்... வேறை ஆர் இருக்கினம் இஞ்சை?
உத்தரவாதத்தை எழுத்திலை குடுத்தால்
பிடிபட்டுப் போவன் பிள்ளை."
முதுகையும் வெட்டினார், நாளையும் வெட்டினார்.
கடைசியில் இரண்டு சொல் மிஞ்சியது.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
இடைவெளிமேல் ஒரு கோடு இழுத்து
இரண்டையும் ஒட்டினார்.
"சேத்து எழுதினால் ஒண்டுதானே?"

படுத்துப்பாருங்கோ.

அறுபது ரூபா.
நடுவிலிருந்த ப் இலவசம்.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை.
ஸ்காபரோ நிறுவனம் ஒன்று
தமிழை எண்ணி டொலரில் தருகிறது,
சொல்லுக்குப் பன்னிரண்டு சதம்.
'வரவேண்டியிருந்திருக்கும்' என்று எழுதினால்
ஆங்கிலத்தின் ஐந்து சொல்லை விழுங்கிவிட்டு
ஒரு சொல்லின் கூலியோடு நிற்கும் எங்கள் மொழி.
ஆகையால் மாதக் கடைசியில்,
கொக்குவில் அறைக்கு வாடகை கிட்டும்போது,
நான் இடைவெளி விடுகிறேன்.
வர வேண்டி இருந்து இருக்கும்.
மூன்று சதத்துக்குப் பதினெட்டு முறை
இலக்கணத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

போன வருடம் இதே கடைக்கு
கொழும்பிலிருந்து ஒரு விளம்பரக் கொம்பனி
ஒன்றரை இலட்சம் வாங்கி எழுதிக்கொடுத்தது:
'துயிலின் இல்லம்.'
அந்தச் சொல்லுக்கு இங்கே
வேறு முகவரி இருக்கிறது என்று
அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.
பலகைக்குக் கீழே ஒரு அம்மா
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாவாம்.
மூன்றாம் நாள் இறக்கினார்கள்.
காசு திரும்பவில்லை.

நான் அந்தச் சொல்லை எழுதவில்லை.
அதற்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் வரி இல்லை.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும்
சனம் வந்து படுத்துப் பார்த்தது.
பிள்ளைகள் துள்ளிப் பார்த்தார்கள்.
ஒரு தவில்காரர் மத்தியானம் படுத்தவர்
பின்னேரம்தான் எழும்பினார், கட்டிலோடு வாங்கினார்.
எனக்கு ஒரு தலையணை வந்தது,
விலைச்சீட்டுக் கிழிக்காமல்: ஆயிரத்து நானூறு.

தேர் முடிந்த கிழமை தொலைபேசி எடுத்தார்.
நெல்லியடியில் இரண்டாவது கடை.
"இப்ப எவ்வளவு எடுக்கிறியள்?"

எழுதுகிற சொல்லுக்கு அறுபது, என்றேன்.
எழுதாத சொல்லுக்கு நூற்றிருபது.

அந்தப் பக்கம் கணக்குப்பொறி தட்டும் சத்தம்.
பிறகு நின்றது.
"எழுதாத சொல் எத்தினை வரும் பிள்ளை?"

தமிழில் ஒன்று போக மிச்சம் முழுக்க.

அவர் மூச்சு விடுவது கேட்டது.
"மொத்தமாய் எடுத்தால்
கழிவு ஏதும் இருக்கோ?"