இடது என்ஜின், மஞ்சள் விளக்கு

வாட்ஸோவில் ஓடுதளம் குட்டை.
அது முடிகிற இடத்தில் கடல்,
கறுப்பாக, அவசரமில்லாமல்.
ஜனவரியில் இங்கே பகல் என்பது
யாரோ கதவைத் திறந்து
தப்பான அறையென்று மூடிக்கொள்வது.

முப்பத்தொன்பது இருக்கை. இருபத்திரண்டு பேர்.
முதல் வரிசைக்காரர் ஏறும்போதே கேட்டார்:
"இதற்கு எத்தனை வயது?"
இருபத்தெட்டு என்றேன்.
சொல்லாமல் விட்டது:
என்ஜின்களுக்கு மூன்று,
விசிறி இறகுகள் போன கோடையில் வந்தவை,
சக்கரங்களுக்கு ஆறு வாரம்.
பிறவிச் சாமான் என்று மிஞ்சியிருப்பது
உடற்கூடும்
கழிப்பறைக் கதவின் கீலும்.
எனக்கு நாற்பத்தொன்பது.
முழங்கால், காது, தூக்கம்
எல்லாம் முதலில் பூட்டியவையே.
வருடத்துக்கு ஒருமுறை என்னை மருத்துவர் பார்க்கிறார்.
இதை ஒவ்வொரு இரவும்
யாராவது டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

வலது என்ஜின் பிடித்தது.
இடதும் பிடித்தது.
பிறகு அந்த விளக்கு, மஞ்சள்,
அரிசி அளவு.
அணைந்தது.
எஸ்கில் கையேட்டை எடுப்பதற்குள்
மறுபடி எரிந்தது.

கிர்க்கெனெஸுக்குப் போன் போட்டேன்.
"அது சென்சார்," என்றார் யோவ்னா.
"செவ்வாய்க்கிழமையும் இதே பொய்தான் சொன்னது."
உறுதியா?
போனில் அவர் ஹீட்டர் இரைவது கேட்டது.
"நான் அங்கே இல்லையே," என்றார்.

பொய் சொல்லிப் பழகிய ஒன்று
உண்மை சொல்லும்போது
குரலை மாற்றிக்கொள்வதில்லை.
இரண்டு என்ஜினையும் அணைத்தேன்.

ஒலிபெருக்கியில் "மன்னிக்கவும்" சொல்லும் குரல் ஒன்று
எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.
அதை வைத்துக்கொண்டே சொன்னேன்.
முதல் வரிசைக்காரர் எழவில்லை.
தடித்த அங்கிக்குள் கறுப்பு டை.
ட்ரொம்ஸோவில் பதினொரு மணிக்கு
அண்ணனை அடக்கம் செய்கிறார்கள்
என்று பணிப்பெண் வந்து சொன்னாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

யோவ்னா வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு
பனிச் சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டி வந்தார்.
மூடியைக் கழற்றினார்.
ஒரு இணைப்பானுக்குள்
உறைந்த ஈரம், கண்ணீர்த் துளிக்கும் குறைவு.
துணியால் துடைத்தார், ஊதினார், பூட்டினார்,
கையெழுத்துப் போட்டார்.
"சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை.
அதற்காக அவருக்கு ஒரு காபி வாங்கித் தந்தேன்.

ஒன்றரைக்கு மறுபடி ஏறினார்கள்.
பதினேழு பேர்.
அவர் அதே இருக்கை.
"எது உடைந்திருந்தது?"
விளக்கு மட்டும், என்றேன்.
"அப்போ என்ஜின் நல்லாத்தான் இருந்ததா?"
நல்லாத்தான் இருந்தது.
சரி என்பதுபோல் தலையாட்டினார்,
அல்லது குளிராக இருக்கலாம்.
பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.
வழி முழுக்க
இடது ஜன்னலில் நெற்றியை வைத்திருந்தாராம்.
வெளியே கதவு ஏற்கனவே மூடியிருந்தது.

பதிவேட்டில்:
தாமதம், ஆறு மணி இருபது நிமிடம்.
காரணம், தொழில்நுட்பம்.
அந்தக் கட்டத்தில் இன்னொரு சொல்லுக்கு இடமில்லை.
அதன் கீழே எழுதினேன்:
கழிப்பறைக் கதவு கீச்சிடுகிறது,
எண்ணெய் விடவும்.